கரை தானா வந்ததில்ல

மூண்டு கிழமையா ஒரே புத்தகத்தோட இருக்கிறன். நேற்று மனிசி கேட்டா, "இஞ்சாருங்கோ, உதில சோதினை ஏதும் வைக்கப் போயினமோ" எண்டு. பென்சன் எடுத்துக் கனகாலம், இன்னும் பென்சிலால கோடு போட்டுத்தான் வாசிக்கிறன், அதைப் பாத்திட்டுத்தான் அந்தக் கேள்வி. மகள் கனடாவில இருந்து வரேக்க பாக் நிறையச் சொக்லேட்டும் சம்பூவும், அடியில இந்தப் புத்தகமும் கொண்டந்தவள். "அப்பா, உங்களைப் போல ஒரு சரித்திரக் கிழவன் எழுதினது" எண்டு சொல்லித்தான் தந்தவள்.

கிழவன் ஆரெண்டா வில் டூரண்ட். அமெரிக்காக்காரர், 1885இல பிறந்து 1981இல 96 வயசில செத்தவர். மனிச நாகரிகத்தின்ர கதையை முழுக்க எழுதப்போறன் எண்டு வெளிக்கிட்டு, 5 தொகுதியில முடிக்கலாம் எண்டு முதல் நினைச்சு, கடைசியில அது 11 ஆப் போச்சு. முதலாவது 1935இல வந்தது, கடைசி 1975இல. 40 வருசம் ஒரு வேலை, அதுவும் நெப்போலியனோட நிண்டுபோச்சு. மகள் தந்தது அந்தப் பெரிய தொகுதியில ஒண்டில்ல. காதல், படிப்பு, இயற்கை, வயசு போறது, சாவு எண்டு ஆளின்ர மனசில கிடந்ததையெல்லாம் தனியா எழுதி வச்சிருந்திருக்கிறார், அது அச்சில வந்ததே 2014இலதான், ஆள் செத்து 33 வருசத்துக்குப் பிறகு. அரசன், போர், ஒப்பந்தம் எண்டு எழுதினவர் காதலைப் பற்றி என்ன பெரிசாச் சொல்லப்போறார் எண்டு ஒரு நக்கலோடதான் நான் திறந்தது.

உண்மையைச் சொன்னா காதல் பகுதி எனக்கு அவ்வளவாப் பிடிக்கேல்ல. கொஞ்சம் பிரசங்கம் மாதிரி. அந்தாளின்ர சொந்தக் கதைதான் என்னைப் பிடிச்சு வச்சது, அதைப் போனில தேடித்தேடி வாசிச்சன். வீட்டில பாதிரியாராக்க ஆசைப்பட்டு செமினரிக்குப் போனவர், நம்பிக்கை விட்டுப்போய் வெளிய வந்து, நியூயோர்க்கில ஃபெரர் மொடர்ன் ஸ்கூல் எண்ட ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர். அங்க படிச்ச ஒரு பெட்டை, சாயா காஃப்மன், உக்ரேன் பக்கம் பிறந்து சின்னனிலயே தாய்தேப்பனோட கப்பலேறி வந்த யூதப் பிள்ளை. வேலையை விட்டிட்டு 1913இல அவளைக் கட்டினவர். அவளுக்கு 15 வயசு, இவருக்கு 28க்குக் கிட்ட. நகரமண்டபத்தில கலியாண எழுத்து, ஹார்லத்தில இருந்து அவ்வளவு தூரமும் சில்லுச் சப்பாத்தில ஓடி வந்தவளாம் பொம்பிளை.

சில்லுச் சப்பாத்துக் கதையை ஊரெல்லாம் ரசிச்சுச் சொல்லுது. எனக்கு நெருடுது. 31 வருசம் பிள்ளையளோட நிண்டவன் நான், என்ர பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒரு மாஸ்ரர் செய்திருந்தா அதிபரிட்ட முதல் போய் நிக்கிறது நானாத்தான் இருப்பன். பிறகு 68 வருசம் ஒண்டா இருந்தவை எண்டதுக்காக 1913 சரியெண்டு ஆகிடாது. அதையும் மனசில வச்சுக்கொண்டுதான் மிச்சத்தை வாசிச்சன்.

மிச்சம் என்னெண்டா, ஏரியல் எண்டு அவர் பேர் வச்ச அந்தப் பிள்ளைதான் பிறகு அவருக்காகக் குறிப்பு எடுத்தது, வாசிச்சது, சண்டை பிடிச்சது. முதல் 6 தொகுதியிலயும் அட்டையில அவரின்ர பேர் மட்டும்தான். ஏழாவது தொகுதி 1961இல வரேக்கதான் ரெண்டு பேரின்ர பேரும். முதல் தொகுதியில இருந்து கணக்குப் பாத்தா 26 வருசம். பத்தாவது தொகுதிக்கு 1968இல புலிட்சர் பரிசு கிடைச்சது ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். இதை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தவ, தலை நிமிராமல், "26 வருசம் கெதிதான்" எண்டா.

சரி, நான் எழுத வந்தது வேற. அந்தாள் நாகரிகத்தைக் கரையுள்ள ஒரு ஆறு எண்டு சொல்றார். ஆத்துக்குள்ள ரத்தமும் களவும் வெட்டுக்குத்தும் ஓடுது, சரித்திரம் எழுதிறவை அதைத்தான் பாத்து எழுதினம், ஆனா கரையில சனம் வீடு கட்டுது, காதலிக்குது, பிள்ளை வளக்குது, பாட்டுப் பாடுது, அதுதான் நாகரிகத்தின்ர உண்மையான கதை, கரையை மறந்து ஆத்தையே பாக்கிறதாலதான் சரித்திரக்காரருக்கு எல்லாம் இருட்டாத் தெரியுது எண்டு. வடிவான உவமை. நானும் கோடு போட்டன். பிறகு அண்டு பின்னேரம் குளக்கட்டில நடக்கப் போகேக்கதான் அது எனக்குள்ள ஏதோ செய்தது. எங்க, எங்கட ஊரில ஆறு எங்க?

வன்னியில ஆறு இருக்குத்தான். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு. மாரியில வந்து காட்டைப் பிரட்டிப்போட்டுப் போகும், ஆனி ஆடியில போய்ப் பாத்தா மணலும் ஆனை லத்தியும்தான். அந்த ஆத்துக் கரையில குடியிருந்து நாகரிகம் வளக்கேலாது, பச்சைத்தண்ணியும் கிடையாது. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில மறிபடாட்டி நேர சுண்டிக்குளத்துக் கடலுக்குப் போயிடும், பேராறு முத்துஐயன்கட்டுக் குளத்தில மறிபடாட்டி நந்திக்கடலுக்குள்ள போயிடும். எங்களுக்குக் கரை எண்டா குளக்கட்டு. அது ஆறு தந்த கரையில்ல, கூடையில மண் அள்ளிக் கொட்டின கரை. புறநானூற்றில குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னதும் இதுதான், உன்ர பேர் நிலைக்கவேணும் எண்டா தண்ணியை மறிச்சுக் குளம் கட்டு எண்டு. படிப்பிக்கேக்க அதை நான் பாட்டுப் பொருளாச் சொல்லிக் கடந்துபோனனான்.

குளக்கட்டு எண்டா என்ன எண்டு எனக்குப் படிப்பிச்சது பெரியப்பா. எனக்கு 12, 13 வயசு இருக்கும். ஐப்பசியில மழை இறங்க முதல் வயல்காரர் எல்லாரும் கட்டுக்கு வரவேணும், ஆற்ற வயல் எவ்வளவோ அதுக்குத் தக்கன கட்டில இத்தனை முழம் எண்டு பங்கு. பெரியப்பாவின்ர பங்குக்கு நான் மண்கூடையோட போனனான். அவர் மண் போட முதல் கட்டின்ர வெளிப்பக்கத்தால குனிஞ்சு குனிஞ்சு நடந்தார். ஓரிடத்தில நிண்டு, புல்லை விலத்தி, கையை முழங்கை மட்டும் உள்ளுக்க விட்டு ஒரு நண்டை இழுத்து வெளியில போட்டார். அது ஓடிச்சுது, ஒருத்தரும் பிடிக்கேல்ல. பிறகு புத்து மண்ணைக் கொண்டந்து தண்ணி தெளிச்சுக் குழைச்சு அந்த ஓட்டைக்குள்ள திணிச்சுத் திணிச்சு, குதிக்காலால மிதிச்சார். மிதிச்சிட்டுக் காதை வச்சுக் கேட்டார்! என்ன கேட்டவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

"தம்பி, வெள்ளத்தில உடையிற கட்டெல்லாம் வெள்ளத்தில உடையிறேல்ல. நண்டு தோண்டி வைக்கும், எலி தோண்டி வைக்கும், பட்ட மரத்தின்ர வேர் உள்ளுக்க உக்கிப் பாதை விடும். வெள்ளம் வந்து கதவைத் தட்டிறதுதான்" எண்டார். அதாலதான் கட்டில மரம் வளர விடமாட்டினம். உயிரோட நிக்கிற மரம் மண்ணைப் பிடிக்கும், செத்த மரத்தின்ர வேர் உக்க உள்ளுக்க ஒரு குழாய் விழும், அதுக்குள்ளால தண்ணி கசியத் தொடங்கினா மண்ணையும் கொண்டுதான் போகும். நீர்ப்பாசன இஞ்சினியர் மாருக்கும் இதுதான் பாடம், பெரியப்பா அஞ்சாம் வகுப்பு.

2018 டிசம்பர் வெள்ளத்தில இரணைமடுக் கதவெல்லாம் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிக்குள்ள நிக்கேக்க எங்கட சின்னக் குளத்துக் கட்டில இரவிரவா ரோச் லைட்டோட பொடியள் நிண்டவங்கள். ஒருத்தன் என்னட்ட வந்து, "சேர், எங்க பாக்கிறது" எண்டு கேட்டான். நான் படிப்பிச்ச பொடியன். மொகலாயரும் ஒல்லாந்தரும் எல்லாம் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான், கட்டில எங்க பாக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கேல்ல. வெளிப்பக்கத்து அடியைப் பார் எண்டு மட்டும் சொன்னன், பெரியப்பா குனிஞ்சு நடந்த பக்கம்.

அப்பதான் திரும்பவும் அந்தப் பேர்க் கொப்பி வேலையைத் தொடங்கினனான்.

பேர்க் கொப்பி எண்டா சொல்லவேணும். வன்னியில ஊர்ப்பேரைக் கேட்டா அரைவாசி தண்ணி, அரைவாசி மரம். புளியங்குளம், ஈச்சங்குளம், பனிச்சங்குளம், வேப்பங்குளம், நொச்சிமோட்டை. குளம் பெரிசு, மோட்டை சின்னன், கேணி தோண்டினது, மடு ஆழம். முறிப்பு எண்டு முடியிற ஊரும் இருக்கு, தண்ணிமுறிப்பு மாதிரி. முறிப்பு எண்டா கட்டு முறிஞ்ச இடம். நினைச்சுப் பாருங்கோ, தங்கட தலையில விழுந்த இடியை ஊருக்குப் பேரா வச்சிருக்குதுகள் சனம், வச்சிட்டு அங்கயே திரும்பக் கட்டி இருந்திருக்குதுகள். எந்த வருசம் முறிஞ்சுது, ஆற்ற காலம் ஒண்டும் இல்ல. முறிஞ்சது மட்டும் இருக்கு. ஜே. பி. லூயிஸ் எண்ட வெள்ளைக்கார உத்தியோகத்தர் 1895இல வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதினவர், தூந்துபோன குளம், காய்ச்சல், பறங்கிப் புண், ஆளில்லாத ஊர் எண்டு அதைத் திறந்தா மனம் கனக்கும். ஆனா மனிசன் பேர் பேரா எழுதி வச்சவர், அதுக்கு நான் அவருக்குக் கையெடுப்பன்.

பெரிய குளங்களுக்கு மாப்பில பேர் இருக்கு. காட்டுக்குள்ள கிடக்கிற மோட்டை, மாடு தண்ணி குடிக்கிற மடு, இதுகளுக்கு வாயிலதான் பேர். நான் வேலைக்கு வந்த புதிசில பெரியப்பாவோட சைக்கிளில திரிஞ்சு ஒரு சீஆர் கொப்பியில நூத்துநாப்பது சொச்சம் பேர் எழுதி வச்சனான்.

இதுக்குள்ள கற்சிலைமடுக் கல்லைப் பற்றியும் சொல்லவேணும், ஏன் எண்டா ஆறு, கரை எண்ட கதை அதில நல்லாத் தெரியும். 1803இல வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்சவன், அதே வருசம் ஒக்டோபர் 31 அன்று வெள்ளைக்காரரின்ர படை கற்சிலைமடுவில வச்சு அவனைத் தோக்கடிச்சுது. அந்த இடத்தில இங்கிலீசில ஒரு கல் நட்டவை. கல்லில என்ன இருந்தது எண்டா, இந்த இடத்தில கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோக்கடிச்சான், தேதி, அவ்வளவுதான். ஆனா எங்கட சனம் மேடையில ஆடின கதையில படையும் பீரங்கியும் பின்னுக்குத்தான் வரும். காக்கைவன்னியன் பண்டாரவன்னியனின்ர தங்கச்சியைக் கேட்டான், குடுக்கேல்ல, அந்த வன்மத்தில காட்டிக்குடுத்தான் எண்டுதான் கதை போகும். சரித்திர ஆதாரம் கேட்டா என்னட்ட இல்ல, வகுப்பில பிள்ளையள் கேட்டாலும் அப்பிடித்தான் சொன்னனான், "அது கதை, கல்லுத்தான் ஆதாரம்" எண்டு. இப்ப அப்பிடிச் சொல்லமாட்டன். கல்லை நட்டவனுக்கு வெண்டது மட்டும்தான் தேவை. ஒரு பெட்டைக்கு விருப்பமில்லாத கலியாணம், அதில தொடங்கின பகை எண்டு சனம் சொல்லிக்கொண்டு வந்ததுக்குக் காரணம் இருக்கும், அவைக்கு உலகம் அப்பிடித்தான் நடக்குது.

2009 யுத்தத்தைப் பற்றி அதிகம் எழுதிறேல்ல எண்டு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கிறன், ஆனா டூரண்டோட சண்டை பிடிக்கிறதெண்டா அதைச் சொல்லாமல் ஏலாது. அந்தாளின்ர உவமையில ஆறு வேற, கரை வேற. கரையில நிண்டவன் ஆத்தைப் பாக்கலாம், பாக்காமலும் விடலாம். எங்களுக்கு அந்த வருசம் கரை எண்டு ஒண்டு இருக்கேல்ல. ஒட்டுசுட்டானில இருந்து புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் எண்டு போகப்போக நிலம் சுருங்கிக்கொண்டு வந்தது. நான் ஒரு யூரியா பையில புத்தகம் கட்டிக் கொண்டுபோனனான், விசர் வேலை, ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு, கடைசிப் பங்கரில சீஆர் கொப்பியும் போச்சு. பெரியப்பா வலைஞர்மடத்தில போயிட்டார். அவரைத் தாட்ட இடத்தை இண்டைக்குக் கேட்டா என்னால சரியாக் காட்டேலாது. மனிசி சீலைத் தலைப்பில ஒரு முடிச்சு முடிஞ்சு வச்சிருந்தவ, நான் நகை எண்டுதான் நினைச்சனான். செட்டிகுளத்து முகாமில வச்சு அவிட்டா, பயத்தை, வெண்டி, பாவல் விதை. மூண்டு கிழமையால ரெண்டு பாவல் கொடி கூடாரத்துக் கயித்தில ஏறினது. நான் அதுக்குப் பக்கத்தில குந்தி இருந்து ஒரு மாதம் ஒண்டும் செய்யேல்ல, அதைத்தான் பாத்தனான்.

ஆகவே டூரண்ட் ஐயா, கரை இருக்கு எண்டு நீங்கள் சொல்றது சரி, ஆனா அது அங்க ஏற்கனவே கிடக்கிற ஒரு சாமான் மாதிரிச் சொல்றியள். ஆரோ முடிஞ்சுகொண்டு போனதாலதான் அது இருக்குது. உங்கட வீட்டிலயே 26 வருசம் அட்டைக்கு உள்ளுக்க இருந்து ஒருத்தி மண் போட்டிருக்கிறா!

இயற்கையைப் பற்றியும் அந்தாள் எழுதிறார், குழந்தையள் புல்லில விளையாடுறது, வசந்தம் எண்டு. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனை வந்து ஒரு இரவில நாப்பது தென்னம்பிள்ளையைப் பிடுங்கி எறிஞ்ச வளவில இருந்து வாசிச்சா கொஞ்சம் சிரிப்பும் வரும். எங்களுக்குக் காடு அழகும் இல்ல, பகையும் இல்ல, அது பக்கத்து வீட்டுக்காரன். கோவிக்கிற நாளும் இருக்கு, தாற நாளும் இருக்கு. தாறதெண்டா பாலைப்பழம். ஆனி ஆடியில காட்டில பாலை பழுக்கும், கரடியும் அதுக்குத்தான் அலையும், பழம் பொறுக்கப் போறவை கரடிக்குப் பயந்து பயந்துதான் போறது. மஞ்சளா, விரல் நுனியளவு, அப்பிடி ஒரு இனிப்பு, ஆனா பால் சொண்டில ஒட்டிக்கொள்ளும், கனக்கத் திண்டா வாய் திறக்கேலாது. கலியாணத்துக்கு முதல், 84இல, மனிசிக்கு நான் குடுத்த முதல் சாமான் தேக்கம் இலையில பொட்டளம் கட்டின பாலைப்பழம். அவ தமையனுக்குத் தெரியாமல் முழுக்கத் திண்டிட்டு, தமையன் வந்து ஏதோ கேக்க வாய் திறக்கேலாமல் நிண்டு பிடிபட்டவ. அந்தத் தமையன் இப்ப இல்ல. நாங்கள் 2010இல திரும்பி வரேக்க அந்தப் பாலை மரமும் இல்ல, அடியோட தறிச்சிருந்தது. பாலை சரியான வைரம், வளர எடுக்கிற காலம் மனிச ஆயுளுக்குள்ள அடங்காது. இப்ப ஏ9 ரோட்டில மாங்குளம் தாண்டிப் போகேக்க சீசனில கரையோரம் வச்சு விப்பினம். நான் கட்டாயம் நிப்பாட்டுவன், மனிசி விலையைக் கேட்டிட்டு, "ஓசியில தந்து கட்டினவர், இப்ப காசு குடுக்கிறார்" எண்டு சொல்லுவா.

படிப்பைப் பற்றி அந்தாள் சொல்றதை விடுறன், அதில எனக்குப் பெரிசாச் சண்டை இல்ல.

ஒரு விசயம் மட்டும் நித்திரை வரவிடேல்ல. ஏரியல் 1981 ஒக்டோபர் 25இல செத்தவ. வில் ஆஸ்பத்திரியில. நவம்பர் 7இல அவரும் போயிட்டார். 13 நாள். இதை மனிசிக்குச் சொல்லக்கூடாது எண்டுதான் நினைச்சனான், ஆனா என்ர முகத்தைப் பாத்துக் கேட்டுப்போட்டா, சொல்லிட்டன். கொஞ்சநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, "நான் முதல் போனா நீர் 13 நாள் தாங்க மாட்டீர், சீனிப்போத்தல் எங்க இருக்கு எண்டே உமக்குத் தெரியாது" எண்டா. கோவம் வந்தாலும் பகிடி வந்தாலும்தான் என்னை 'நீர்' எண்டு கதைக்கிறவ. இது எது எண்டு எனக்குப் பிடிபடேல்ல.

பேச்சை மாத்த நான் புதுக் கொப்பியை எடுத்துக் குடுத்தன். 2018இல இருந்து ஒவ்வொருத்தரிட்டயாக் கேட்டு எழுதினது, இப்ப 94 இடத்துப் பேர் சேந்திருக்கு. பெரியப்பா இருந்திருந்தா ஒரு பின்னேரத்தில முடிஞ்சிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனிசி விரல் வச்சு வாசிச்சுக்கொண்டு போனா. அட்டையில என்ர பேர் மட்டும் கிடந்தது எனக்கு அப்பதான் கண்ணில பட்டது, கொஞ்சம் கூச்சமாப் போச்சு, பேனையை எடுக்க எழும்பினன். மனிசி அட்டையைப் பாக்கவேயில்ல. மூண்டாம் பக்கத்தில விரல் நிண்டுது.

"கூலாமோட்டை எண்டு எழுதிக் கிடக்கு."

"ஓம், ரோட்டுப் போர்டில அப்பிடித்தான் போட்டிருக்கு."

"போர்டு எழுதினவனுக்கு என்ன தெரியும். கூழாமோட்டை. கூழாமரம் நிண்டது, அப்பு எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழம் ஆஞ்சு தந்தவர். தெக்கால கரையில ரெண்டு மரம். பேனையைத் தாருங்கோ."

குடுத்தன். 'லா'வை வெட்டி 'ழா' போட்டா. போட்டிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினா, அதிலயும் ரெண்டு பிழை.